முதலாந் திகதி மடல்

மாதம் பிறந்தால் முதலாந் திகதி விடியற்காலையில் எனக்கு இரண்டு மடல்கள் வந்துவிடும். ஒருவர் எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச்சேரும் ஏற்பாடுதான் மடற்குழு. மெயில்மன் என்ற மடற்குழு மென்பொருளின் இரண்டாம் பதிப்பு, இன்ன குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் கடவுச்சொல் இது, விலக விரும்பினால் இந்த முகவரிக்குச் செல்லுங்கள் என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டி எழுதும் வழக்கமுடையது. கடவுச்சொல்லை வெறும் எழுத்தில் அப்படியே அனுப்பிவைக்கும் அந்த வழக்கத்தைப் பாதுகாப்பு அறிந்த எவரும் மெச்சியதில்லை. நானும் வந்த கையோடு அழித்துவிடுவேன். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவோர் கூடிய இரண்டு மடற்குழுக்களில் நான் உறுப்பினனாக இருந்தேன். அவை இரண்டும் வெவ்வேறு வழங்கிகளில், அதாவது சேவையகக் கணினிகளில், இயங்கியதால் மடல்களும் இரண்டாக வந்தன. பின்னாளில் இரண்டுக்கும் மட்டுறுத்துநரானேன். 2019 இல் இரண்டையும் ஒன்றாக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்கியது அது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள ஓர் ஒழுங்கையில், என் வீட்டு மேசையில் இருந்தபடி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அதனோடு மாரடித்தேன். இப்போதும் ஏதாவது ஒரு திட்டத்தில் யாராவது ஒருவர், இத்தனை குழுக்கள் எதற்கு, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவோமே என்று ஒற்றை வரி எழுதுவதைக் காண்கிறேன். எழுதுபவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வேலையைச் செய்யப்போகிறவர் வேறொருவர் என்பதால், அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 இல் திறந்த பின்னர் இங்கே நெற் கபேக்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. கஸ்தூரியார் வீதியில் இருந்த ஒரு கடையில்தான் முதல் குழுவில் சேர்ந்தேன். தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தவர்கள் தொடங்கிய குழு அது; யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவோம். மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டியிருந்ததால் மடல்களை அங்கே இருந்து வாசிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மடலும் தனித்தனியாக வராமல், ஒரு நாள் மடல்கள் முழுவதும் ஒரே தொகுப்பாக வரும்படி அமைத்துக்கொண்டு, அந்தத் தொகுப்பை நெகிழ்வட்டில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்து, மறுமொழிகளை எழுதி அதே நெகிழ்வட்டில் ஏற்றி மறுநாள் கடைக்குக் கொண்டுபோவேன். இரண்டு மூன்று மறுமொழிகளுக்கு ஒருமுறை நெகிழ்வட்டு பழுதாகிவிடும். தொகுப்புக்கு மறுமொழி எழுதும் இந்தப் பழக்கம் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு என்னையே வந்து பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

இரண்டாவது குழு பிறந்தது ஒரு சொல்லால். தமிழ்நாட்டு நண்பர்கள் 'பதிவிறக்கம்' என்றார்கள். எங்களுக்கு அது 'தரவிறக்கம்'. அவர்களுக்குக் 'கணினி', அன்றைக்கு எங்கள் பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் பெரும்பாலும் 'கணனி'. 'லைசன்ஸ்' என்பதை அவர்கள் 'உரிமம்' என்று எழுத, இங்கே அரச படிவம் எல்லாவற்றிலும் 'அனுமதிப்பத்திரம்' என்று இருந்தது. இவை சிறிய வேறுபாடுகள் என்று வெளியாருக்குத் தோன்றும். ஒரு மென்பொருளின் பட்டியலில் ஒரு சொல் ஏறிவிட்டால் அதைப் பார்த்துப் பழகப்போகும் பிள்ளைகளின் வாயில் அதுவே தங்கிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மூன்று வாரம் நீண்ட அந்த விவாத இழையின் முடிவில், எங்கள் பக்கத்தார் ஒருவர் இலங்கை வழக்குக்கென்று தனிக்குழு ஒன்றைத் திறந்தார். கோபித்துக்கொண்டு பிரிந்துபோனதாகச் சிலர் பின்னர் எழுதினார்கள். கோபம் ஒரு கிழமைதான் இருந்தது. குழு பதினான்கு ஆண்டுகள் இருந்தது.

குழு திறப்பது அவ்வளவு எளிது என்பதுதான் இங்கே உள்ள வினை. ஒரு படிவத்தை நிரப்பினால் ஐந்து நிமிடத்தில் புதிய குழு ஆயத்தம். மொழிபெயர்ப்போருக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று, ஒழுங்கமைப்பாளருக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போகலாம். பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் எழுதுகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்காது. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றுக்கு இடமளிக்கும் அப்பாச்சி அறக்கட்டளை, தன்னிடம் புதிதாக வரும் திட்டங்களைத் தொடக்கத்திலேயே பயனர் குழு என்று ஒன்றைத் தனியே திறக்க வேண்டாம் என்று அறிவுறுத்துவதற்குக் காரணம் இதுதான்: ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் ஒரே இடத்தில் பேசினால்தான் ஆரம்பத்தில் கேள்விக்கு மறுமொழி கிடைக்கும், சனம் சேர்ந்து நெரிசல் வந்தபிறகு பிரித்துக்கொள்ளலாம். ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஒரு நாளில் எத்தனை மடல் வருகிறது என்பதைவிட, ஒரு புதியவர் கேட்ட கேள்விக்கு எத்தனை நாளில் முதல் மறுமொழி வந்தது என்பதைப் பார்ப்பதே என் வழக்கம். 2018 அளவில் எங்கள் இரண்டு குழுக்களிலும் அது கிழமைக்கணக்கில் நீண்டிருந்தது. மறுமொழி எழுதியவர்களோ இரண்டிலும் அதே ஏழெட்டுப் பேர். ஒரே மடலை இரண்டு குழுக்களுக்கும் பிரதியிட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். எந்தச் சொல்வழக்கைக் காப்பாற்றப் பிரிந்தோமோ அந்த வழக்கு இரண்டு இடத்திலும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தது.

சண்டை ஓய்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தும் இணைக்க வேண்டும் என்ற முடிவை எடுக்கச் செய்தது வேறொன்று. மெயில்மன் இரண்டாம் பதிப்பு பைத்தன் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பைத்தன் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிவடையவிருந்தது. இரண்டு வழங்கிகளையும் மூன்றாம் பதிப்புக்கு மாற்றுவதா, ஒன்றை மட்டும் மாற்றுவதா என்று கேள்வி எழுந்தபோது எல்லாரும் ஒன்றையே மாற்றச் சொன்னார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது, யாகூ நிறுவனத்தின் மடற்குழுச் சேவையான யாகூ குழுமங்களின் உள்ளடக்கம் முழுவதும் நீக்கப்படப்போவதாக அறிவிப்பு வெளியானது. தமிழில் இணையம் தொடங்கிய காலத்து உரையாடல்களில் பெரும்பங்கு அங்கேதான் கிடந்தது. பழைய மடல்களைச் சேர்த்துவைத்த எங்கள் காப்பகமும் ஒரு நாள் அப்படிப் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

முகவரிகளில் தொடங்கினேன், அதுதான் எளிது என்று எண்ணி. இரண்டு பட்டியல்களையும் கோப்பாக எடுத்து, அகரவரிசைப்படுத்தி, இரட்டைகளை நீக்கினால் ஒன்று வரும். வந்தது. ஆனால் ஒரே ஆள் பழைய பல்கலைக்கழக முகவரியில் ஒரு குழுவிலும் ஜிமெயில் முகவரியில் மற்றதிலும் இருப்பதைக் கணினி எப்படி அறியும்? அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. பட்டியலை வெறுமனே எடுத்தால் முகவரி மட்டும்தான் வரும். அந்த முகவரிக்கு மடல் போகிறதா, உறுப்பினரே நிறுத்திவைத்திருக்கிறாரா, திரும்பி வந்ததால் மென்பொருள் நிறுத்திவைத்ததா என்ற விவரம் வராது. அதை வேறாகக் கேட்டு எடுக்க வேண்டும். நான் கேட்காமல் எடுத்தேன். ஓர் இரவு அந்தப் பட்டியலைப் புதிய குழுவில் ஏற்றிப் பார்த்தபோது, வரவேற்பு மடலை நிறுத்தும் தெரிவையும் மறந்துவிட்டேன். எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு போய்ச் சேர்ந்தது. ஆண்டுக்கணக்காக மடல் வேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்தவர்கள், நீங்கள் யார், என் முகவரி உங்களிடம் எப்படி வந்தது என்று விடியுமுன்பே கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஒரு குழுவுக்குத் தந்த முகவரி இன்னொரு குழுவுக்குத் தந்ததாகாது. 2022 இல் இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது எனக்கு அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பட்டியலை அழித்துவிட்டு, எவரையும் சேர்க்காமல் எல்லாருக்கும் அழைப்பு மட்டும் அனுப்பினேன். தமிழில், இன்ன குழுக்கள் இன்ன காரணத்தால் ஒன்றாகின்றன, விரும்பினால் இதை அழுத்திச் சேருங்கள், விரும்பாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று. இதனால் உறுப்பினர் தொகை பாதிக்குமேல் குறையும் என்று எச்சரித்தார்கள், குறைந்தது. ஆனால் ஓர் எதிர்பாராத பலன் கிடைத்தது. 2014 ஏப்ரலில் பெரிய மின்னஞ்சல் நிறுவனம் ஒன்று தன் முகவரியைத் தாங்கியும் தன் வழங்கியிலிருந்து புறப்படாத மடல்களை மற்ற வழங்கிகள் முற்றாக நிராகரிக்கும்படி தன் கொள்கையை மாற்றியிருந்தது. மடற்குழு என்பது ஒருவர் பெயரில் இன்னொரு வழங்கி மடல் அனுப்பும் ஏற்பாடு. ஆகவே அந்த நிறுவனத்து முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதினால், அம்மடல் மற்ற உறுப்பினர்களின் வழங்கிகளில் தட்டுப்பட்டுத் திரும்பும். குழுவின் மென்பொருளோ, மடல் திரும்பி வருகிறதே, இந்த உறுப்பினரின் முகவரி செத்துவிட்டது போலும் என்று எண்ணி, குற்றமே செய்யாத பெறுநர்களை வரிசையாக நிறுத்திவைத்துவிடும். உலகமெங்கும் மடற்குழுக்களைக் குலைத்துப்போட்ட மாற்றம் அது. எங்கள் பட்டியலில் இறந்துபோன முகவரிகள் என்று நான் கணக்கிட்டிருந்தவற்றில் கணிசமானவை அப்படி நிறுத்தப்பட்டவை என்பது அழைப்பு அனுப்பியபோதுதான் தெரிந்தது. குழு தங்களைக் கைவிட்டதாக அவர்கள் ஐந்து ஆண்டு எண்ணியிருந்தார்கள். அவர்கள் சலித்துப்போய் விலகியதாக நாங்கள் எண்ணியிருந்தோம்.

இனிக் காப்பகம். நான்கு மாதத்தில் மூன்று மாதத்தைத் தின்றது இதுதான்.

மெயில்மன் ஒரு குழுவின் எல்லா மடல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பெரிய கோப்பில் சேர்த்துவைக்கும். எம்பாக்ஸ் என்ற அந்த வடிவத்தில், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால், அங்கே புதிய மடல் தொடங்குகிறது என்று பொருள். மடலின் உள்ளே யாராவது ஒரு வரியை அதே சொல்லால் தொடங்கியிருந்து, அதற்கு முன்னால் தடைக்குறி இடப்படாமல் போயிருந்தால், அந்த மடல் நடுவில் வெட்டுண்டு இரண்டாகிவிடும். காப்பகத்தின் இணையப் பக்கங்களோ வந்த வரிசையில் எண்ணிடப்பட்டவை. இரண்டு கோப்புகளையும் சேர்த்து, திகதிப்படி அடுக்கி, காப்பகத்தை மீண்டும் கட்டினால், எண்கள் எல்லாம் மாறிவிடும். எங்கள் சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, ஏன் இந்தச் சொல் என்பதற்கான சான்றாக, அதைப் பற்றிய மடலின் முகவரியைக் கொடுத்திருந்தோம். மீண்டும் கட்டிப் பார்த்த முதல் தடவை, 'உலாவி' என்ற சொல்லுக்குரிய இணைப்பை அழுத்தினேன். யாரோ ஒருவர் தைப்பொங்கல் வாழ்த்துச் சொல்லியிருந்தார்.

இரட்டைகளை நீக்குவதும் நினைத்ததுபோல் இல்லை. ஒவ்வொரு மடலுக்கும் அனுப்பும்போதே தனித்த அடையாளம் ஒன்று தலைப்பகுதியில் பொறிக்கப்படுகிறது. ஒரே மடலை இரண்டு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தால் இரண்டு பிரதிகளிலும் அந்த அடையாளம் ஒன்றாகவே இருக்கும். அதை வைத்து ஒன்றை நீக்கிவிடலாம். ஆனால் எதை? ஒவ்வொரு குழுவும் மடலின் அடியில் தன் பெயரைச் சேர்த்திருக்கும், பொருள் வரியின் முன்னால் தன் அடைப்புக்குறியை மாட்டியிருக்கும். ஒரு குழுவில் அந்த மடலுக்கு வந்த மறுமொழிகள் மற்றதில் வந்திருக்காது. இரண்டு குழுக்களிலும் ஒரே கேள்விக்கு இரண்டு விதமான விவாதம் நடந்து, இரண்டு வேறு முடிவுகள் எட்டப்பட்டிருந்த இழைகள் இருந்தன. இவற்றை அடையாளத்தை வைத்துத் தைத்துவிட்டால், ஒருவருக்கொருவர் கேட்காத தூரத்தில் இருந்தவர்கள் ஒரே கூட்டத்தில் மாறிமாறிப் பேசியதுபோலத் தோற்றம் வந்துவிடுகிறது. ஒருவரின் மறுப்பை இன்னொருவர் பார்த்தும் பாராததுபோல் இருந்தாரோ என்று பின்னால் வாசிப்பவர் எண்ணுவார். அவர் பார்த்தே இருக்கமாட்டார்.

இந்தச் சிக்கலுக்குள் என் பழைய பாவமும் சேர்ந்துகொண்டது. மறுமொழி எந்த மடலுக்கு எழுதப்பட்டது என்பதையும் தலைப்பகுதிதான் சொல்லும். தொகுப்புக்கு மறுமொழி எழுதினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பொருள் வரியிலும் தொகுதி எண்ணும் இதழ் எண்ணும்தான் இருக்கும். 2003 முதல் 2006 வரை நான் எழுதியவை யாவும் அப்படி, எந்த இழையிலும் ஒட்டாமல், தாய்மடல் தெரியாத அநாதைகளாக நின்றன. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊரடங்கும் இருளுமாக நாட்கள் போனபோது எங்கள் பக்கத்து மடல்கள் ஒரேயடியாக நின்றுபோன இடமும் காப்பகத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அந்த வெற்றிடத்தின் நடுவில், மெனு ஒன்றின் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டு, கடைசி வரியில் மட்டும், எல்லாரும் நலமா என்று எழுதியிருந்தார். மறுமொழி இல்லை. இரண்டு காப்பகத்தையும் சேர்த்து அடுக்கியபோது அந்த மடலுக்கு மேலும் கீழும் வேறு மடல்கள் வந்து உட்கார்ந்து அந்த இடைவெளியை மூடிவிட்டன. அதைக் கண்ட இரவில்தான் காப்பகங்களை ஒன்றாக்குவது பற்றிய என் எண்ணம் ஆட்டங்காணத் தொடங்கியது.

எழுத்துருக்களின் கதை தனி. யூனிக்கோடு பரவுவதற்கு முந்திய மடல்களில் தமிழ் பல வேடங்களில் இருந்தது. சிலர் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் எழுதினார்கள். அதன் குறிகள் எண்பிட்டின் மேற்பாதியில் இருக்கும், 'கெ' என்று எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னரும் வைக்கும். இங்கிருந்து எழுதியவர்கள் பெரும்பாலும் பாமினியில் எழுதினார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் முகத்தைத் தமிழாக மாற்றிக் காட்டும் எழுத்துரு மட்டுமே. எழுத்துருவை எடுத்துவிட்டால், 'தமிழ்' என்று எழுதியது ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். மடலின் தலைப்பகுதியில் இது பாமினி என்று எங்கும் எழுதியிராது. மடல் மென்பொருள் எதுவும் அதைத் தமிழென்று கண்டுகொள்ளாது; கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுக் கடைகளில் பழகியவர்களுக்கு அந்த ஆங்கிலக் குவியலைப் பார்த்தவுடனே வாயில் தமிழ் வந்துவிடும் என்பது ஒரு சிறிய ஆறுதல். மாற்றி எழுதும் சிறுநிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். மடல்கள் தமிழாயின. அவற்றின் நடுவே இருந்த ஆங்கிலக் கட்டளைகளும் தமிழாயின: நிரலைத் தொகுக்க இடும் 'மேக்' என்ற கட்டளை 'அயமந' என்று ஆகியிருந்தது. ஒரு பயனர் 2004 இல் தந்த, அன்றைக்கு ஊரெல்லாம் கைமாறிய நிறுவல் குறிப்பு முழுவதும் அப்படி 'அயமந' மயமாகிக் கிடந்ததைப் பார்த்து நானும் மனைவியும் சிரித்தது நினைவிருக்கிறது. மூல மடலைத் தொடாமல் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு யூனிக்கோடு பிரதி வைப்பதே முறை என்பது அதன்பிறகு பிடிபட்டது.

மொழிபெயர்ப்புக் கோப்புகளை ஒன்றாக்கும் கருவி ஒன்று எங்களிடம் எப்போதும் உண்டு. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுதியில் உள்ள எம்எஸ்ஜிகேட் என்ற அந்தக் கருவியிடம் இரண்டு கோப்புகளைக் கொடுத்து, ஒரே ஆங்கில வரிக்கு இரண்டிலும் வேறு வேறு தமிழ் இருந்தால், அது எதையும் தெரிவு செய்யாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று நடுவில் ஒரு குறிக்கோட்டில் எழுதி, இது உறுதியற்றது என்று முத்திரையிட்டு மனிதரிடம் தந்துவிடும். 'பதிவிறக்கு' என்றும் கீழே 'தரவிறக்கு' என்றும் அந்தக் குறிக்கோட்டின் இரு பக்கத்திலும் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். கருவியை எழுதியவர்களின் அடக்கம் அது என்று எனக்கு எப்போதும் தோன்றும். மடற்குழுக்களை இணைக்கும் கருவிகளுக்கு அந்த அடக்கம் இல்லை. கிடைத்ததை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி, இதுதான் நடந்தது என்று காட்டிவிடுகின்றன.

ஆகவே காப்பகங்களை இணைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இரண்டு பழைய காப்பகங்களையும் எழுத முடியாதவாறு பூட்டி, எண்களோ முகவரிகளோ மாறாமல், நிலையான பக்கங்களாக அப்படியே வைத்தோம். புதிய குழு வெறுமையாகத் தொடங்கியது. அதன் முகப்பில் இரண்டு பழைய இடங்களுக்கும் வழி காட்டப்பட்டது. இரண்டிலும் ஒருசேரத் தேட வேண்டுமென்றால் தேடும் கருவியை இரண்டின் மேலும் ஓடவிடலாமே தவிர, அதற்காக வரலாற்றைக் கலக்க வேண்டியதில்லை. லினக்ஸுக்கான மேசைச்சூழலை ஆக்கும் க்னோம் திட்டம் 2022 இல் தன் மடற்குழுக்களை மூடி டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்றத் தளத்துக்கு மாறியபோதும் பழைய காப்பகத்தைப் பழைய முகவரியிலேயே வைத்தது என்று அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. மாறாக, காப்பகம் துண்டுதுண்டாகச் சிதறியிருக்கும் இடத்தில் சேர்ப்பது வேறு விடயம்: லினக்ஸ் கருநிரலின் மடற்குழு மடல்களைப் பலரின் சொந்த அஞ்சற்பெட்டிகளிலிருந்து திரட்டி 2018 இல் ஒரே காப்பகமாக்கினார்கள். அது ஒரே குழுவின் உடைந்த நினைவை ஒட்டுவது. எங்களுடையது இரண்டு குழுக்களின் இரண்டு நினைவுகள்.

பெரிய திட்டங்கள் பிரிந்து சேர்ந்த வரலாறுகளையும் அந்நாட்களில் தேடி வாசித்தேன். நிரல்களை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பியிலிருந்து 1997 இல் பிரிந்த ஈஜிசிஎஸ், இரண்டே ஆண்டில், 1999 இல், தானே அதிகாரபூர்வ ஜிசிசி ஆனது. திரையில் சாளரங்களைக் கையாளும் கொம்பிஸும் அதிலிருந்து பிரிந்த பெரிலும் 2007 இல் சேர்ந்தன. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்டிலிருந்து 2014 இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் அடுத்த ஆண்டே திரும்பிச் சேர்ந்து, அந்த ஆண்டு செப்டெம்பரில் நோட் 4 வெளிவந்தது. இவற்றில் பிரிவின் வயது ஓரிரு ஆண்டுகள். பதினான்கு ஆண்டு பிரிந்திருந்தவர்களுக்கு அவை அதிகம் உதவவில்லை.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடைமுறை உண்டு. அது பலவேளை மென்பொருளின் ஒரே ஒரு தெரிவில் ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டுக் குழுவில் மறுமொழிப் பொத்தானை அழுத்தினால் மடல் குழு முழுவதற்கும் போகும். எங்கள் குழுவில் எழுதியவருக்கு மட்டும் போகும். குழுவுக்கு எழுத வேண்டுமானால் வேண்டுமென்றே வேறு பொத்தானை அழுத்த வேண்டும். எது சரி என்பது மடற்குழு உலகில் முப்பது ஆண்டுகளாக முடியாத வழக்கு. நான் இரண்டாவது பக்கத்து ஆள். ஆனால் புதிய குழுவில் பெரும்பான்மை கேட்டபடி முதலாவது வழக்கத்தையே வைத்தோம். வைத்தவன் நான். வைத்த நான்காம் நாள், புதியவர் ஒருவர் அனுப்பிய மொழிபெயர்ப்பைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் குழுவில் மென்மையாக ஏதோ எழுதியிருக்க, அவருக்கு மட்டும் எழுதுகிறேன் என்ற பதினான்கு ஆண்டுக் கைப்பழக்கத்தில், 'உது மொழிபெயர்ப்பே? மெசினிலை போட்டு எடுத்த மாதிரிக் கிடக்கு, திருத்திறதிலும் பார்க்க முதலிலை இருந்து எழுதலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனேன்.

கேத்தில் கொதிக்குமுன் தொலைபேசி அடித்தது. "அண்ணை, உங்கட மடல் எல்லாருக்கும் வந்திட்டுது" என்றான் குழுவில் இருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன். அவன் குரலில் சிரிப்பை அடக்கும் முயற்சி தெரிந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து முதன்முதலாக ஒரு கோப்பை அனுப்பியிருந்த அந்தப் பெண்ணிடம் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாட்களின் பின், 'நீங்கள் சொன்னது சரிதான் ஐயா, ஆனால் எந்த வரி என்று சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன்' என்று அவர் எழுதினார். வரி வரியாக எழுதினேன், நாற்பத்தொரு வரிகள். அவற்றில் ஆறு இடத்தில் அவர் எழுதியதே என்னுடையதைவிட நன்றாக இருந்ததை எழுதும்போதுதான் கவனித்தேன், அதையும் எழுதினேன். இன்றைக்கு அந்த மென்பொருளின் தமிழுக்கு அவரே பொறுப்பாளர். ஆனால் இது நல்லபடியாக முடிந்தது என்பதற்காக, அந்தத் தெரிவை மாற்றுமுன் இரண்டு குழுவினருக்கும் ஒரு கிழமை முன்னதாக நான் அறிவித்திருக்க வேண்டும் என்பது இல்லையென்று ஆகிவிடாது.

இழந்ததும் உண்டு. எங்கள் சிறிய குழுவில், பள்ளிக்கூடக் கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர்கள் சிலர், அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, விசைப்பலகையில் 'ஸ்ரீ' எப்படி வரும் என்பது போன்றவற்றைக் கூச்சமின்றி, பேச்சுத்தமிழிலேயே கேட்பார்கள். பெரிய குழுவில் அவர்கள் கேட்கவில்லை. நானூறு பேர் வாசிக்கும் இடத்தில் 'உது ஏன் வருகுதில்லை' என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. சிலர் என்னைத் தொலைபேசியில் கேட்டார்கள். சிலர் வட்ஸ்அப்புக்குப் போனார்கள், அங்கே கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும் அடுத்த கிழமை தேடினால் கிடைப்பதில்லை. தொடக்கநிலையாளர் தயங்காமல் பேசும் சிறிய குழு ஒன்று இருந்தால், அதில் மடல் குறைவாக வருகிறது என்பதற்காக மட்டும் அதைப் பெரியதோடு சேர்க்க இன்று நான் உடன்படமாட்டேன். ஒரே ஏழெட்டுப் பேர் இரண்டு இடத்தில் மறுமொழி எழுதிக் களைக்கிறார்கள் என்றால் சேர்க்கலாம். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றால், மறுமொழி எழுதுவோர் சற்றுக் களைப்பதே மேல்.

சொல் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் 'தரவிறக்கம்' மீண்டும் கிளம்பியது. இம்முறை இழை நான்கு நாளில் முடிந்தது: தமிழ், தமிழ் (இலங்கை) என்று மென்பொருளிலேயே இரண்டு மொழித் தெரிவுகள் வைக்க முடியும் என்பதால், பொதுக்கோப்பு ஒன்றும், வேறுபடும் வரிகளுக்கு மட்டும் இலங்கைக் கோப்பு ஒன்றும் வைத்துக்கொண்டோம். இரண்டாவது கோப்பில் இருக்கும் வரிகள் எவ்வளவு கொஞ்சம் என்பதைப் பார்த்தபோது இரு பக்கத்தாரும் சிறிது நேரம் ஒன்றும் எழுதவில்லை.

2020 ஜனவரி முதலாந் திகதி வந்தது. பழைய வழங்கிகள் இரண்டும் நின்றிருந்தன. மெயில்மன் மூன்றாம் பதிப்பில் மாதாந்தக் கடவுச்சொல் மடல் என்ற வழக்கமே இல்லை. அதை நான் ஒரு முன்னேற்றமாகத்தான் கருதியிருந்தேன். மூன்றாந் திகதி காலையில் குழுவுக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஆரம்ப நாட்களில் எங்களோடு சேர்ந்து வரிகள் மொழிபெயர்த்தவர், அழைப்பை ஏற்றுச் சேர்ந்திருந்தார், ஆனால் ஆறேழு ஆண்டுகளாக ஒன்றும் எழுதியதில்லை. 'முதலாந் திகதி மடல் இம்முறை வரவில்லை. குழு மூடப்பட்டுவிட்டதா?' என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அந்த இழையில் பதினான்கு மறுமொழிகள் சேர்ந்துவிட்டன; அவற்றில் ஆறு, 2014 இலிருந்து ஒரு வரியும் எழுதாதவர்களுடையவை. பெப்ரவரி தொடங்கி ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி காலையில் நானே குழுவுக்கு நாலு வரி எழுதுகிறேன்: எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு மறுமொழி இன்னும் போகவில்லை என்று. கடவுச்சொல் மட்டும் இருக்காது.